பொட்டு வைத்த மிஷின்

கம்பெனி கெட்டது செய்தால் ரெபேக்காள் நாலு திட்டு திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். நல்லது செய்தால்தான் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனி நல்லது செய்தது.

மறைமலைநகரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகர ஷெட்டும் கண்ணாடி ஆபீசுமாக இருந்த கம்பெனி அது. காருக்குள் ஓடும் ஒயர்க்கட்டு அங்கே தயாரானது. ஒயரை அளவாக நறுக்கி, முனையில் பித்தளைக் கொண்டியை வைத்து மிஷினில் நசுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு கிரிம்பிங் என்று பெயர். பிறகு பலகையில் அடித்திருக்கும் முளைகளுக்கு நடுவே ஒயர்களை ஓடவிட்டு, டேப் சுற்றி, செத்த பாம்பு மாதிரி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி கப்பலேறிப் போய், எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவன் கார் கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரியும். முதலாளியும் அந்த நாட்டுக்காரன்தான். இங்கே கூலி மலிவு என்று வந்தவன். வாயால் சொல்லும்போது மட்டும் இங்கே திறமை இருக்கிறது என்று சொன்னான்.

வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். விரலும் சின்னது, வாயும் சின்னது என்று நினைத்து எடுத்தார்கள். விரல் விஷயத்தில் அவர்கள் நினைத்தது சரியாக இருந்தது.

ரெபேக்காளின் அம்மா திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டுச் செத்தவள். கழனிக்காரன் வாசலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகளுக்கு இங்கே மார்பில் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. மீசை முளைக்காத சூப்பர்வைசர்கூட 'ரெபேக்கா மேடம்' என்பான். கிரிம்பிங் வரிசையில் முதல் மிஷின் அவளுடையது. இந்த வேலை போனால் மிச்சம் இருப்பது, புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிற வேலை. அதையும் அவள் செய்து பார்த்தவள்தான். அங்கே அவளுக்கு 'ஏம்மா' என்று பெயர்.

ஒவ்வொரு வருஷமும் பூஜைக்குப் பொரிகடலை, லைனுக்கு ஒரு தேங்காய், ஒரு லட்டுப் பொட்டலம். அவ்வளவுதான். இந்த வருஷம் புதுத் துணி மூட்டையாக வந்தது. மண்ணெண்ணெய் வந்தது. மிஷினுக்கு அடிக்கப் பச்சைப் பெயின்ட் வந்தது. உற்பத்தியை நிறுத்திவிட்டு, துடைப்பதற்கென்றே இரண்டு நாள் ஒதுக்கினார்கள். ஒரு நிமிஷம் மிஷின் நின்றால் சம்பளத்தில் கை வைக்கிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்கினார்கள்.

பர்சனல் மேனேஜர் ராமானுஜம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே வந்து நின்றார். மிஷினில் கிரீஸ் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. பூஜையன்று யாரும் தெரியாமல் அமுக்கிவிடாதபடி மிஷினின் ஆடுகிற கையைத் துணி சுற்றிக் கம்பியால் கட்டிவிட வேண்டும். தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, மிஷினை நகர்த்தி, அடியிலும் கூட்டித் துடைக்க வேண்டும். அம்பாள் வந்து உட்கார்கிற இடம், மூலையில்கூட அழுக்கு இருக்கலாமா என்று கேட்டார். பெண்களுக்கு உடம்பு சிலிர்த்தது. போல்ட்டை யாரும் திருப்பி முடுக்கவில்லை. பூஜை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

ரெபேக்காள் மண்டியிட்டுத் தன் மிஷினின் நாலு போல்ட்டையும் கழற்றினாள். வருஷக்கணக்காகத் தரையோடு ஒட்டியிருந்த மிஷின் தோளால் முட்டியதும் நகர்ந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஷெட்டின் பெரிய ஷட்டரை டேப் பிடித்து அகலம் பார்த்தார்கள். தேய்ந்துபோன வெட்டுக்கத்திக்கு மாற்று கேட்டால் ஸ்டோரில் இருப்பதை வைத்து ஓட்டச் சொன்னார்கள். கேன்டீன் அம்மா, அரிசி மூட்டையாக வருவது நின்று கிலோக்கணக்கில் வருகிறது என்று புலம்பினாள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமில்லை. ரெபேக்காள் எதையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரியாதவள்.

பக்கத்து மிஷினுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பார்வதத்திடம் போனாள். பார்வதம் திருக்கழுக்குன்றத்துக்காரி. வயதில் மூத்தவள். கம்பெனி பொறுக்கியெடுத்து வைத்திருந்த தொழிலாளர் கமிட்டியில் உறுப்பினர். கூட்டத்தில் பிஸ்கட்டும் டீயும் கொடுப்பார்கள். ஆனால் பெண்கள் அவள் பேச்சைக் கேட்பார்கள். பூஜையில் முதல் தேங்காயும் அவள் உடைப்பதுதான்.

"பார்வதக்கா, கூட்டுறதுக்கு எவனாச்சும் போல்ட்ட கயட்டுவானா? இது தூக்கிகினு போறதுக்கு பண்ற வேலையாட்டம் கீது."

பார்வதம் பிரஷை டின்னில் தட்டினாள். "உங்க சாமிக்கு ஆவாதுன்னா நீ ஒதுங்கி நில்லு ரெபேக்கா. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாத."

"நான் சாமிய பத்தி பேசலக்கா."

"பின்ன வேற எத்த பத்தி பேசறே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரெபேக்காள் பொட்டு வைப்பதில்லை. பூஜைப் பொரியை வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுவாள். வரிசையில் அவள் ஒருத்திதான் அப்படி. மற்ற கிறிஸ்தவப் பெண்கள் பொரியை வாங்கித் தின்றுவிட்டுப் போகிறவர்கள். அதனால் அவள் என்ன சொன்னாலும் அது பூஜைக்கு எதிராகச் சொன்னதாகத்தான் போய்ச் சேர்ந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அவள் பூஜைத் துடைப்பு வேலையை எதிர்த்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, புதுப்பட்டினம் ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தார். அங்கேயும் அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

போல்ட் கழற்றின அன்று ராத்திரி கடல்காற்று உப்பாகப் பிசுபிசுத்தது. ரெபேக்காள் காரப்பொடி மீனைக் குழம்பு வைத்திருந்தாள். புருஷன் பெஞ்சமின் புதுப்பட்டினத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சண்டை என்றால் ஆட்டோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் சுபாவம். மகள் ஹெலன் பி.காம். முடித்தவள். அந்தக் காலனியில் பெண்களில் முதல் டிகிரி அவளுடையது. டிகிரிக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ரிசப்ஷனில் நின்றாள். வருகிறவனுக்கெல்லாம் கைகூப்பிச் சிரிக்க வேண்டும் என்பது வேலை. அங்கே விட்ட சிரிப்பை வீட்டில் பிடித்து வைத்துக்கொள்வாள்.

அம்மா சொன்ன போல்ட் கதையைக் கேட்டதும் ஹெலன் சாப்பாட்டுக் கையை உதறினாள். ஹோட்டலில் கிடக்கும் இங்கிலீஷ் பேப்பரில் அவள் படித்ததைச் சொன்னாள். அந்த நாட்டில் கார் விற்காமல் கம்பெனிகள் படுத்துவிட்டன. அரசாங்கம் பணத்தைக் கொட்டித் தூக்கிவிட்டது. கொட்டும்போதே, எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியூர்க்காரனுக்கு வேலை கொடுக்காதே, வேலையை வீட்டுக்குக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு வரி போடப்போகிறார்கள் என்றும் பேச்சு.

பெஞ்சமின் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அவங்க ஊரு ஜனத்துக்கு வேல வாணாமா, பாவம்?" என்றான்.

"பாவந்தான் நைனா. வரும்போது நம்பள கேட்டுகினு வந்தானா? போவசொல்ல சொல்லிகினு போவட்டும். வூட்ட காலி பண்றவன்கூட சொல்லிட்டுதான் போறான்."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். நெம்மேலில கடல் தண்ணிய குடி தண்ணியா மாத்துற பிளான்ட் வருதாம். நான் அங்க வண்டி கான்ட்ராக்ட் கேட்டு வெச்சிகீறேன். அதுவும் பேப்பர்ல பாத்ததுதான்."

ரெபேக்காள் இருவருக்கும் குழம்பு ஊற்றினாள். அவளுக்கு அந்த நாட்டின் மேல் கோபமில்லை. யோசித்தது ஒன்றைத்தான். "மிஷினு உள்ள கீற வரைக்கும்தான் அவன் நம்பகிட்ட பேசுவான். மிஷினு போய்ட்டா அது வெறும் ஷெட்டு. ஷெட்டாண்ட நின்னு யாருகிட்ட இன்னா கேக்கறது?"

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் பெண்கள் பட்டும் மல்லிகையுமாக ஏறினார்கள். வழியில் திருக்கழுக்குன்றம் மலையடியில் மழை தூறிற்று. ரெபேக்காள் ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சொன்னாள். ஞாயிறும் திங்களும் லீவு. இந்த இரண்டு நாளும் கேட்டில் நாலு பேர் மாற்றி மாற்றி உட்காரலாம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நஷ்டமில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி, அன்றைக்கு வீட்டில் தையல் மிஷினுக்குப் பூஜை இருக்கிறது என்றாள். இன்னொருத்தி, சர்ச்சில் ஏதாவது வேண்டுதலா என்று மெதுவாகக் கேட்டாள். பார்வதம் முன் சீட்டிலிருந்து திரும்பவேயில்லை.

மத்தியானம் பூஜை. மிஷின்கள் பச்சைப் பெயின்ட்டில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். ராமானுஜம் வேட்டியில் வந்து தானே கற்பூரத் தட்டைப் பிடித்தார். பார்வதம் அழுதுவிட்டாள். போட்டோக்காரன் ஒவ்வொரு மிஷினையும் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தான். மனுஷர்களை எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, அப்புறம் என்று சொன்னான். அந்த அப்புறம் வரவில்லை.

ரெபேக்காள் தூணோரம் நின்றிருந்தாள். ராமானுஜம் தட்டோடு வந்தவர் அவள் முன்னால் நிற்காமல், ரொம்ப மரியாதையாக, "உங்களுக்கு இஷ்டமில்லன்னா கம்பல்ஷன் இல்ல ரெபேக்கா மேடம். சீக்கிரம் கௌம்பிக்கலாம். கேட்ல சொல்லிட்டேன்" என்றார். அவர் அவள் மதத்தை அவ்வளவு அக்கறையாக நினைவில் வைத்திருந்தது அன்றுதான் முதல்முறை. அவள் போகவில்லை. கடைசி பஸ் வரை தன் மிஷின் பக்கத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் ஹெலன் மாமல்லபுரத்திலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹோட்டலில் அந்த நாட்டுக்காரர்கள் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள். கடற்கரைக் கோயிலைப் பார்க்கவில்லை, கடலில் கால் வைக்கவில்லை. அறை வாசலில் விரல்முனைக்கு இரும்பு வைத்த வேலை பூட்ஸ். நாளைக்கும் மறுநாளுக்கும் இருபது ஆளுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டி, மறைமலைநகர் கம்பெனி கேட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கிச்சனில் எலுமிச்சை சாதமும் சப்பாத்தியும் என்று முடிவாகி, சமையல்காரர் லீவு நாளில் இப்படி என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.

"லீவு வுட்ட கம்பெனில இருபது பேரு இன்னாம்மா பண்ணுவாங்க? லட்டு துன்னவா போறாங்க?"

ரெபேக்காள் பார்வதத்துக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியதை அடுக்காகச் சொன்னாள். பார்வதம் முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு, பூஜை போட்ட மிஷினை நாளைக்கு எவன் தொடுவான், விஜயதசமியன்று மறுபூஜை ஆகாமல் நகர்த்தினால் குடும்பம் விளங்குமா, கற்பூரம் காட்டின கையாலேயே அதைச் செய்வாரா சார் என்று கேட்டாள். வெள்ளைக்காரனுக்குத் தெரியாவிட்டாலும் ராமானுஜம் சாருக்குத் தெரியும் என்பது அவளுடைய பலம். பிறகு குரல் மாறிற்று.

"ஒண்ணு கேக்கறேன். உன் பொண்ணு அந்த ஓட்டல்ல அவங்களுக்கு சாவி எடுத்து குடுத்துகினு கீறா. அவ உனுக்கு சொல்றா, நீ எங்களுக்கு சொல்றே. நாளைக்கு நாங்க கேட்டாண்ட போயி நிப்போம். போட்டோ எடுப்பான். எங்க பேர அடிச்சிட்டு உன் பேர மட்டும் உள்ள வெச்சிப்பான். அதானே?"

ரெபேக்காள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். திரும்ப வைத்தபோது அந்தப் பக்கம் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் பெஞ்சமினின் ஆட்டோ ரெபேக்காளையும் ஹெலனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆட்டோ ஸ்டாண்டில் முந்தின நாளே பூஜை. அவனும் காசு போட்டு, கண்ணாடியில் சந்தனம் வைக்க விட்டிருந்தான். பொட்டு வைத்தால் வண்டி மதம் மாறிவிடுமா என்பது அவன் கேள்வி. ஆனால் பூஜை நாளில் வண்டி ஓட்டுவதில்லை என்பது ஸ்டாண்டின் பேச்சு. மீறினால் ஒரு வாரம் சவாரி தரமாட்டார்கள். வழியில் பார்த்த இரண்டு பேர் முறைத்தார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு செங்கல்பட்டு ஏரிக்கரை வரை ஓட்டினான். ஏரிக்கரையில், "ஒண்ணும் இல்லாம இருந்திச்சின்னா உங்க ரெண்டு பேரையும் நடக்க வுட்டுடுவேன்" என்றான்.

ஒன்றுமில்லாமல் இல்லை. எதிர் டீக்கடைக்காரர், விடியலிலேயே இரண்டு டிரெய்லர் போய்விட்டது என்றார். பூஜை நாளில் கம்பெனிக்கு இவ்வளவு வேலையா என்று அவரும் நினைத்தாராம். நினைத்ததோடு சரி. மூன்றாவது டிரெய்லர் தார்ப்பாய் போர்த்தி, மூக்கைக் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முகப்பில் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

ரெபேக்காள் போய் அதன் முன்னால் நின்றாள்.

செக்யூரிட்டி கத்தினான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு வணக்கம் சொன்னவன் அவன். ராமானுஜம் வந்தார். வேட்டி இல்லை, பேன்ட். முகத்தில் தூக்கமில்லை. மிஷின் சர்வீசுக்குப் போகிறது, செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றார். டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என்னிடம் ஸ்கிராப் என்றல்லவா சொன்னார்கள் என்றான்.

ஹெலன் டிரைவரிடம் கேட்டாள். "எங்க அண்ணாத்த எறக்கறே?"

"ஹார்பரு."

"சர்வீசு கப்பல்லயா சார் பண்றாங்க?"

ராமானுஜம் ஹெலனைப் பார்க்கவேயில்லை. ரெபேக்காளிடம், இன்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிற நாளில் இப்படிப் பிரச்சினை செய்யலாமா என்று கேட்டார். அவள் பெயர் தன் மனதில் இருக்கிறது, இன்னொரு பிளான்ட் வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார் என்றார். மகளுக்கும் பார்க்கலாம் என்றார். பெஞ்சமின் ஆட்டோவிலிருந்து இறங்கி மனைவிக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் சண்டைக்கு இறங்கி வந்ததை ஹெலன் அன்றுதான் பார்த்தாள்.

டிரைவர் பெயர் உலகநாதன். சிங்கப்பெருமாள்கோயில் ஆள். இரட்டைப் படிக்காக வந்தவன். எஞ்சினை உறுமவிட்டான். "நகரு தாயி. எனுக்கு இன்னா தெரியும்? ஏத்தி வுட்டாங்க, ஓட்டறேன். பேஜார் பண்ணாத."

அவன் கெட்டவன் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சட்டம் சொன்னால் அவனுக்குப் புரியாது. வேலை போகிறது என்றால், எனக்கும் தினம் போகிறது என்பான். அவள் பக்கவாட்டில் நடந்து, தார்ப்பாயின் கயிற்றைத் தளர்த்தி, மூலையை மேலே தூக்கினாள்.

ஓரத்தில் ஒரு கிரிம்பிங் மிஷின். துணி சுற்றிக் கட்டின கை. நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் ராத்திரித் தூறலில் கரைந்து பச்சைப் பெயின்ட்டில் வழிந்திருந்தது. காலில், மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டின ஒரு சின்ன வேண்டுதல் முடிச்சு.

"அண்ணாத்த, எறங்கி வந்து பாரு. நேத்து பூஜ போட்டது. மறுபூஜ ஆவல."

உலகநாதன் இறங்கி வந்தான். பார்த்தான். அவன் முகம் மாறிய விதத்தை ஹெலனால் பிற்பாடு யாருக்கும் சொல்லிக் காட்ட முடியவில்லை. மிஷினைப் பார்த்தவன் தன் லாரி முகப்பில் கட்டியிருந்த வாழைக்கன்றையும் பார்த்தான். பிறகு ராமானுஜத்திடம் போனான்.

"இன்னா சார் இது? சாமிய ஏத்தி வுட்டுட்டு ஸ்கிராப்புன்றே? நான் புள்ள குட்டிக்காரன். மறுபூஜ ஆவாம வண்டி நகராது."

சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். ராமானுஜம் பணம் ஏற்றிச் சொன்னார், மிரட்டினார், வேறு டிரைவரைக் கூப்பிட்டார். போனில் விஷயம் கேட்ட ஒவ்வொருவனும் நாளைக்கு வருகிறேன் என்றான். ஹோட்டல் வேனில் சாப்பாடு வந்து இறங்கியது. உள்ளே வெள்ளைக்காரர்கள் சப்பாத்தியைச் சுருட்டித் தின்றபடி, ஏன் லாரி நிற்கிறது என்று ராமானுஜத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஹெலன் யோசித்தாள். இங்கிலீஷில் மறுபூஜைக்கு வார்த்தை தேடியிருப்பார்.

"நீ பொரிகூட துன்ன மாட்டியேம்மா" என்றாள் அம்மாவிடம்.

"இப்பவும் நான் தொடல. தொறந்து காமிச்சேன், அவ்ளோதான்."

"உனுக்கே சிரிப்பு வரல?"

ரெபேக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மஞ்சள் முடிச்சு யாருடையது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பார்வதத்தின் மகளுக்கு வரன் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது பஸ்ஸுக்கே தெரியும். கை கூப்பி அழுத நேரத்தில் கட்டியிருப்பாள்.

இந்த முறை ரெபேக்காள் தானே போன் செய்யவில்லை. அவள் பேச்சுக்குப் பார்வதத்திடம் விலையில்லை. ஹெலன் பார்வதத்தின் எண்ணைப் போட்டு, டீக்கடையில் உட்கார்ந்திருந்த உலகநாதனிடம் கொடுத்தாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினான். "எம்மா, நான் லாரி டிரைவரு. மிஷினு கால்ல மஞ்ச துணி முடிச்சி கட்டினது நீயா? ஆமா. என் வண்டி மேலதான் கீது. ஹார்பருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு டீ சொன்னான்.

சாயங்காலம் வெயில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி மஞ்சளாகத் தெரிந்த நேரத்தில், ஷேர் ஆட்டோவில் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். நேற்றைய பட்டு இல்லை, வீட்டுப் புடவை. பார்வதம் முதலில் இறங்கி யாரையும் பார்க்காமல் டிரெய்லருக்குப் போனாள். தார்ப்பாய்க்குள் தலையை விட்டு நின்றாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ராமானுஜம் நின்றிருந்தார். அவரிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கற்பூரம் காமிக்கசொல்ல நீங்க இன்னா சார் வேண்டிகினீங்க?"

அவர் ஆபீசுக்குள் போய்விட்டார்.

பார்வதம் டிரெய்லரின் முன்பக்கம் வந்தாள். அங்கே ரெபேக்காள் சக்கரத்துக்கு முன்னால், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். பார்வதம் நின்றபடியே கேட்டாள்.

"உனுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலக்கா. போல்ட்டு கயட்டுனப்பவே தோணிச்சி."

"எங்க யாருக்கும் தோணல. உனுக்கு மட்டும் எப்டி தோணும்?"

"தெரில."

"உன் பொண்ணுக்கு எதுனா வேல தரேன்னானா?"

"இன்னிக்கு காலைல சொன்னான். இதே கேட்டாண்ட. பாக்கலாம்னான்."

பார்வதம் ஹெலனைப் பார்த்தாள். ஹெலன் வாயைத் திறக்கப் போனாள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பெஞ்சமின் அவள் தோளில் கை வைத்தான். உள்ளே இன்னும் நாலு வரிசை மிஷின்கள் போல்ட் இல்லாமல் நின்றன. இரண்டு லாரி போனது போனதுதான். நாளைக்குப் போலீஸ் வரலாம். மறுபூஜை ஆனதும் உலகநாதனுக்குத் தடையில்லை. இதெல்லாம் பார்வதத்துக்கும் தெரியும்.

"நான் உன்ன நம்பல ரெபேக்கா" என்றாள். "தப்பா எடுத்துக்காத. யாரையும் நம்பல. ஆனா ஒக்காருறேன்."

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இன்னொரு சக்கரத்துக்கு முன்னால் போய், ரெபேக்காளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அடுத்த ஆட்டோவில் வந்தவள் யார் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.